கைனேஸ் உட்கருவுக்குள் சென்று என்ன செய்கிறது?

கேள்வி:
முதுநிலை உயிர்வேதியியல் பயிலும் எனக்கு ஓர் ஐயம். பட்டினியின்போது குளுக்ககான் என்னும் ஹார்மோன் கல்லீரல் செல்லின் மேற்பரப்பிலேயே நின்றுவிடுகிறது. ஆனால் குளுக்கோஸ் உற்பத்திக்குரிய மரபணுக்கள் உட்கருவுக்குள் முடுக்கிவிடப்படுகின்றன. இடையில் செய்தியைக் கொண்டுசெல்வது எது?

மறுமொழி 1:
புரத கைனேஸ் ஏ; கைனேஸ் என்பது பிற மூலக்கூறுகளில் பாஸ்பேட்டை இணைக்கும் நொதி. குளுக்ககான் ஏற்பியில் அமர்ந்ததும் செல்லுக்குள் சுழல் ஏஎம்பி என்னும் செய்தி கடத்தும் சிறு மூலக்கூறு பெருகி, கைனேஸின் ஒழுங்குபடுத்தும் துணையலகுகளில் ஒட்டிக்கொள்ள, அதுவரை அவற்றால் அடக்கிவைக்கப்பட்டிருந்த வினையூக்கத் துணையலகுகள் விடுபட்டு உட்கருவுக்குள் நுழைகின்றன. அங்கே கிரெப் என்னும், மரபணுக்களை முடுக்கிவிடும் புரதத்தின் 133ஆம் இடத்திலுள்ள செரின் என்ற அமினோ அமிலத்தில், செல்லின் ஆற்றல் மூலக்கூறான ஏடிபியிலிருந்து எடுத்த ஒரு பாஸ்பேட்டை இணைக்கின்றன.

கேள்வி கேட்டவர்:
அந்தப் பாஸ்பேட்டால்தான் கிரெப் டிஎன்ஏவைப் பற்றுகிறதா, ஐயா?

மறுமொழி 2:
பலரும் இடறும் இடம் இது. கிரெப் முன்பே டிஎன்ஏவில் அமர்ந்திருக்கக்கூடும். பாஸ்பேட் ஏறியபின் சிபிபி என்ற துணைப்புரதம் அதனுடன் வந்து பொருந்துவதே முக்கிய மாற்றம். சிபிபி, டிஎன்ஏ சுற்றப்பட்டிருக்கும் ஹிஸ்டோன் புரதங்களில் அசிட்டைல் தொகுதிகளைச் சேர்த்து, டிஎன்ஏவின் கட்டைத் தளர்த்துகிறது.

மறுமொழி 3:
கைனேஸ்களின் வேலை அத்துடன் முடிவதில்லை. மரபணுவை ஆர்என்ஏவாகப் படியெடுக்கும் நொதியான ஆர்என்ஏ பாலிமரேஸ் 2இன் வால்பகுதியில், ஏழு அமினோ அமிலங்கள் கொண்ட தொடர் மனிதரில் 52 முறை திரும்ப வருகிறது. சிடிகே 7 என்னும் கைனேஸ் அத்தொடரின் ஐந்தாம் இடச் செரினில் பாஸ்பேட் இட, நொதி புறப்படுகிறது; ஆயினும் பல மரபணுக்களில் 20 முதல் 60 நியூக்ளியோடைடுகள் சென்றதும் நின்றுவிடுகிறது. சிடிகே 9 என்னும் மற்றொரு கைனேஸ், நிறுத்திவைக்கும் புரதங்களிலும் வாலிலுள்ள அத்தொடரின் இரண்டாம் இடச் செரினிலும் பாஸ்பேட் இட்ட பிறகே படியெடுத்தல் தொடர்கிறது. பாடநூல்கள் கிரெப்புக்குத் தரும் பக்கங்களில் பாதியையாவது இதற்குத் தந்திருக்கலாம்.

மறுமொழி 1:
ஒன்றைச் சேர்க்க மறந்தேன்: கிரெப்பிலுள்ள பாஸ்பேட்டைப் புரத பாஸ்படேஸ் 1 என்னும் நொதி நீக்கிவிடுவதால், அந்த முடுக்கம் நெடுநேரம் நீடிப்பதில்லை.