ரத்தம் எடுக்கும் முன் ஒரு பத்து ரூபாய் நாணயம்

கையில் கிடைத்ததை வைத்து மேஜிக் செய்ய நான் கற்றுக்கொண்டது வேலைக்காகத்தான். பொள்ளாச்சிப் பக்கம் ஒரு லேபில் ரத்தம் எடுக்கிறேன். பெரியவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு கையை நீட்டிவிடுவார்கள். நாலைந்து வயதுக் குழந்தைகளுக்கு ஸ்பிரிட் வாசனை வந்தாலே போதும், அழுகை ஆரம்பித்துவிடும். அப்பா தோளைப் பிடிக்க, அம்மா காலைப் பிடிக்க, குழந்தை கையை இறுக்கிக்கொள்ள, நரம்பு தட்டுப்படாது. பிள்ளையைப் பிடித்து அமுக்காமல் ரத்தம் எடுக்க ஒரு வழி வேண்டும் என்ற யோசனை ரொம்ப நாளாகவே இருந்தது.

வழி காட்டியவர், ரயிலில் எதிர் சீட்டில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர். சிணுங்கிக்கொண்டிருந்த பேரனுக்கு ஒரு காசை மறைய வைத்துக் காட்டினார். அடுத்த நிமிஷம் அதே காசு பையனின் காதுக்குப் பின்னாலிருந்து வந்தது. நான் கூச்சப்படாமல் கேட்டேன்: “ஐயா, எனக்கும் சொல்லித் தருவீங்களா? ஆஸ்பத்திரிப் பிள்ளைகளுக்குச் செய்யணும்.” ஈரோட்டில் தொடங்கியவர் சேலம் வருவதற்குள் சொல்லிக்கொடுத்து முடித்துவிட்டார். அவர் சொன்னதில் முக்கியமானது இதுதான்: “முதல்ல காசை நெசமாவே எடும்மா. உன் கை எப்படிப் போகுது, கண்ணு எங்க போகுதுன்னு பாரு. அப்புறம் எடுக்காம, எடுத்த மாதிரி அதையே பண்ணு.”

அவர் காட்டியதற்கு பிரெஞ்சு டிராப் என்று பேர். இடது உள்ளங்கை மேலே பார்க்கட்டும். கட்டைவிரல் ஒரு ஓரம், நடுவிரல் எதிர் ஓரம் என்று காசைப் படுக்கை வசமாகப் பிடிக்க வேண்டும். வலது கை அதை எடுக்க வரும். வலது கட்டைவிரல் காசுக்கு அடியில் நுழையும், மற்ற விரல்கள் காசை முன்பக்கம் மறைக்கும். மறைந்த அந்த நொடியில் இடது கட்டைவிரலைத் தளர்த்தினால் காசு இடது கையிலேயே விழுந்துவிடும். வலது கை வெறுங்கையாக மூடிக்கொண்டு விலகும். பார்க்கிறவருக்குக் காசு வலது கையில். கற்றுக்கொள்ள ஒரு சாயங்காலம் போதும். ஆனால் இடது கையை இயல்பாகத் தொங்கவிடப் பழகத்தான் நாள் பிடிக்கும். காசு இருக்கிற கை தானாக விறைக்கும், விறைத்த கையைக் குழந்தைகள் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள்.

எந்தக் காசு என்பதும் முக்கியம். ஆங்கில மேஜிக் புத்தகங்கள் பெரும்பாலும் அமெரிக்க அரை டாலரை மனதில் வைத்து எழுதப்பட்டவை. அது 30 மில்லிமீட்டருக்குச் சற்று மேல். நம் ஊர் ஒரு ரூபாயில் இப்போது வருவது 20 மில்லிமீட்டர்தான், என் விரல்களுக்கு நடுவே நழுவிவிடுகிறது. எனக்குக் கைவந்தது பத்து ரூபாய் நாணயம். 27 மில்லிமீட்டர் அகலம், கையில் கனம் தெரிகிறது, வெள்ளை நடுவும் மஞ்சள் வளையமுமாகக் குழந்தைகளின் கண்ணையும் இழுக்கிறது. ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன்: சின்னப் பிள்ளைகளிடம் காசைக் கொடுத்துவிட்டு நகரக் கூடாது. வாயில் போட்டுக்கொள்வார்கள்.

கை பழகின பிறகு பார்வையைப் பழக்க வேண்டும். வலது கையில் காசு இருப்பதாக நானே நம்பி அந்தக் கையைப் பார்த்தால்தான் எதிரில் இருப்பவரும் பார்க்கிறார். கஸ்டாவ் குன், மைக்கேல் லேண்ட் என்ற ஆய்வாளர்கள் 2006-இல் இதைச் சோதித்திருக்கிறார்கள். மேஜிக் செய்பவர் பந்தை இரண்டு முறை மேலே எறிந்து பிடிப்பார். மூன்றாவது முறை எறிவது போல் பாவனை மட்டும், பந்து கையிலேயே இருக்கும். அவர் கண் மேலே போனபோது, பார்த்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் பந்து மேலே போனதைக் கண்டதாகச் சொன்னார்கள். அவர் தன் கையையே பார்த்தபோது அப்படிச் சொன்னவர்கள் மூன்றில் ஒரு பங்குதான். போகாத பந்தைக் கண்டிருக்கிறார்கள்! இதைப் படித்த பிறகு கண்ணாடி முன் என் விரல்களைக் கவனிப்பதைக் குறைத்து, முகத்தைக் கவனிக்க ஆரம்பித்தேன்.

மூன்று வயதுக்குக் கீழே மறைய வைக்கிற வித்தை அவ்வளவாக எடுபடுவதில்லை, காசு போனால் போகட்டும் என்று இருந்துவிடுவார்கள். அவர்களுக்குக் காதிலிருந்து எடுத்துக் காட்ட வேண்டும், அம்மாவின் முந்தானையிலிருந்து எடுக்க வேண்டும். ஏழெட்டு வயதுக்காரர்கள்தான் “அந்தக் கையைத் திறங்க” என்பார்கள். இன்னொரு தடவை என்று எல்லோருமே கேட்பார்கள். அதே வித்தையைத் திரும்பச் செய்யாமல் அடுத்த பொருளுக்குப் போய்விடுவேன். எல்லாவற்றையும் கை கழுவி கிளவுஸ் போடுவதற்கு முன்னாலேயே முடித்துவிடுவேன். காசு தொட்ட கையோடு ஊசியைத் தொட முடியாது.

எங்களிடம் எப்போதும் இருக்கிற இன்னொரு பொருள் பஞ்சு. நியூயார்க்கில் வாழ்ந்த இத்தாலியக் கலைஞர் டோனி ஸ்லைடினி, காகித உருண்டைகளை வைத்துச் செய்த ஒரு வித்தை பேர்போனது. ஒருவரை எதிரில் உட்கார வைத்து, உருண்டையைக் கைக்குள் மறைப்பது போல் காட்டி, அவருடைய தலைக்கு மேலாகப் பின்னால் எறிந்துவிடுவார். கண்ணுக்கு மிக அருகில் கை மேலே போவதால் உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியாது. சுற்றி இருக்கும் அத்தனை பேருக்கும் தெரியும், சிரிப்பு அங்கேதான். நான் இதைப் பஞ்சு உருண்டையில் செய்கிறேன். ஆனால் குழந்தையை அந்த நாற்காலியில் வைப்பதில்லை. ஏற்கெனவே பயந்திருக்கிற பிள்ளையைச் சுற்றி எல்லோரும் சிரித்தால் அது தாங்காது.

அப்பாவைத்தான் உட்கார வைப்பேன். “அண்ணா, இந்தப் பஞ்சு எந்தக் கையில இருக்குன்னு சொல்லுங்க” என்று கேட்டு அவர் தலைக்கு மேல் எறிவேன். பின்னால் அம்மா மடியில் இருக்கிற குழந்தைக்குப் பஞ்சு பறந்துவந்து விழுவது நன்றாகத் தெரியும். அப்பா முழிப்பார். “சொல்லாதே கண்ணு, ரகசியம்” என்று உதட்டில் விரல் வைத்தால் அந்தப் பிள்ளை என் கட்சிக்கு வந்துவிடும். அந்த அறையில் தன்னைவிடப் பெரியவருக்குத் தெரியாத ஒன்று தனக்குத் தெரியும் என்ற பெருமிதம் முகத்தில் தெரியும். அதற்குப் பிறகு கையை நீட்டச் சொன்னால் நீட்டுகிறார்கள். வலி இல்லாமல் போகாது, ஊசி ஊசிதான். ஆனால் பிடித்து அமுக்க வேண்டி வருவதில்லை, கை தளர்ந்திருப்பதால் நரம்பும் சீக்கிரம் கிடைக்கிறது.

ஒரு பாட்டி இதையெல்லாம் பார்த்துவிட்டு, “ஏங்கண்ணு, மந்திரம் கிந்திரம் ஏதாச்சும் கத்துக்கிட்டயா? எம் பேத்திக்குச் சித்த மந்திரிச்சு உடேன்” என்று கேட்டார். இல்லை என்று உட்கார வைத்து விளக்கினேன். இது வித்தை என்று சொல்லிவிட வேண்டும் என்பதில் நான் கண்டிப்பு. கோவை போத்தனூரில் வாழ்ந்து 2009-இல் காலமான பகுத்தறிவாளர் பி. பிரேமானந்த், வெறுங்கையில் விபூதி வரவழைப்பதை ஊர் ஊராகச் செய்து காட்டி, அதன் சூட்சுமத்தையும் சேர்த்தே சொல்லிக்கொடுத்தார். விபூதியை இறுக்கி உருண்டையாக்கி விரலிடுக்கில் ஒளித்து, பிறகு நசுக்கிவிடுவதுதான் அது. ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்கள் பயத்தோடு வருகிறார்கள். அந்தப் பயத்தின் மேல் ஒரு மந்திரக் கதையை ஏற்றிவைப்பது பாவம் என்றே நினைக்கிறேன். பாட்டி கேட்டுவிட்டு, “அப்ப அந்தக் காசு வித்தையை எனக்குச் சொல்லிக்குடு, ஊட்டுல பேத்திக்குக் காட்டறேன்” என்றார். சந்தோஷமாகச் சொல்லிக்கொடுத்தேன்.

கடைசியாக ரப்பர் பேண்ட். ரிப்போர்ட் கட்டுகளில் சுற்றியிருப்பதுதான். ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் மாட்டி, உள்ளங்கைப் பக்கம் இழுத்து, விரல்களை மடக்கும்போது நான்கு விரல் நுனிகளையும் அந்த வளையத்துக்குள் விட வேண்டும். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டு விரலில் மட்டும் இருப்பது போலத்தான் இருக்கும். கையை விரித்தால் மோதிர விரலுக்கும் சுண்டு விரலுக்கும் தாவிவிடும். டெங்குவுக்காகத் தினமும் பிளேட்லெட் பார்க்க வேண்டியிருந்த ஒரு பையனுக்கு இதைக் கற்றுக்கொடுத்தேன். ஒரு கையில் டிரிப்ஸ் ஊசி இருந்ததால் மாட்டி இழுக்க மட்டும் அவன் அம்மா உதவினார். அவன் தேறியதும் அடுத்த பாடத்தைக் காட்டினேன். இரண்டாவது பேண்டை நான்கு விரல் நுனிகளிலும் முறுக்கி முறுக்கி மாட்டி வழியை அடைத்தாலும், முதல் பேண்ட் அதே மாதிரி தாவிவிடும். விரல்களை மடக்கும்போதே நான்கு நுனிகளும் இரண்டாவது பேண்டோடு சேர்ந்து முதல் பேண்டின் வளையத்துக்குள் போய்விடுவதால் அந்த அடைப்பு எதையும் தடுப்பதில்லை.

டிஸ்சார்ஜ் அன்று வார்டு சிஸ்டர்களை வரிசையாக நிற்க வைத்து அதைச் செய்துகொண்டிருந்தான். மூத்த சிஸ்டர் “இன்னொரு தடவை காட்டுடா” என்று கேட்டார். “ஒரு தடவைதான் சிஸ்டர்” என்று சொல்லிவிட்டு, ரப்பர் பேண்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.