ஒரு சதவீதம் கொடுத்தால் யாருடைய இடம் போகிறது?

வைகைக்கரை:
கர்நாடகத்தில் 2021லேயே அரசு வேலையில் திருநர்களுக்கு ஒரு சதவீதம் கிடைமட்ட இடஒதுக்கீடு, அதாவது ஒவ்வொரு சாதிப் பிரிவுக்குள்ளும் ஒரு பங்கு, கொடுத்துவிட்டார்கள். 2008லேயே திருநங்கைகளுக்கு நல வாரியம் அமைத்த தமிழ்நாட்டில் அதைக் கேட்டுக் கோர்ட் படி ஏற வேண்டி வந்தது ஏன்?

தேர்வறை:
நான்கு வருடமாக குரூப் 4 எழுதுகிறேன். போன முறை ஒன்றரை மார்க்கில் போனது. ஒரே ஒரு கேள்வி. அந்த வலியில் கேட்கிறேன், வெறுப்பில் இல்லை. சாதிச் சான்றிதழ் இல்லாத திருநங்கைகளை 2015ல் மிகப் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் சேர்த்தாயிற்று. பெண் என்று அடையாளச் சான்று இருந்தால் பெண்களுக்கான 30 சதவீதத்திலும் வரலாம். இதற்கு மேலும் தனியாக எதற்கு? திருநங்கை பிரித்திகா யாஷினி போலீஸ் எஸ்.ஐ. ஆகவில்லையா?

வைகைக்கரை:
பிரித்திகாவின் விண்ணப்பத்தையே முதலில் நிராகரித்தார்கள். ஹைகோர்ட் சொன்ன பிறகுதான் தேர்வு எழுதினார். ஒவ்வொருவரும் வக்கீல் வைத்துக்கொண்டா பரீட்சை எழுத முடியும்?

பட்டியல் விஷயத்துக்கு வருகிறேன். பட்டியல் சாதியில் பிறந்த ஒரு திருநங்கையை எடுத்துக்கொள்ளுங்கள். எஸ்.சி. பிரிவில் நின்றால் திருநங்கை என்பதற்காகத் தனியாக எதுவும் கிடையாது. எம்.பி.சி.க்குப் போனால் சாதியால் பட்ட பாடு கணக்கில் வராது. பாலினம் ஒரு சாதி இல்லையே! மாற்றுத்திறனாளிகளின் 4 சதவீதம் எல்லாப் பிரிவுக்குள்ளும் குறுக்கே ஓடுகிறது இல்லையா, அப்படித்தான் இதையும் கேட்கிறார்கள். கர்நாடகத்தில் தகுதியான திருநர் கிடைக்காவிட்டால் அந்த இடம் அதே பிரிவில் உள்ள ஆணுக்கோ பெண்ணுக்கோ போய்விடும். காலியாகக் கிடக்காது.

பொருநை:
நான் திருநம்பி, பெண் என்று பதியப்பட்டு ஆணாக வாழ்பவன். பெண்கள் ஒதுக்கீட்டில் எனக்கு இடமில்லை, நான் பெண்ணும் இல்லை. 'ஏற்கெனவே இருக்கிறதே' என்று சொல்லும்போது எங்களை யாரும் நினைப்பதே இல்லை.

என் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் பழைய பெயர்தான். ஒரு தனியார் கம்பெனி இன்டர்வியூவில் ஃபைலைத் திறந்தவர் பெயரை வாசித்தார், என்னைப் பார்த்தார், இன்னும் சத்தமாக வாசித்தார். அப்புறம் பக்கத்து மேஜைக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினார். கதவு திறந்துதான் இருந்தது. வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த அத்தனை பேருக்கும் அந்தப் பெயர் கேட்டது. வேலை பற்றி ஒரு கேள்விகூட இல்லை. வேலையில் பாகுபாடு கூடாது என்று 2019 திருநர் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. அதே சட்டத்தில் எங்கள் மீதான பாலியல் கொடுமைக்கு அதிகபட்ச தண்டனையே 2 ஆண்டுதான். எங்கள் உடம்புக்கு அவ்வளவுதான் மதிப்பா?

தேர்வறை:
அந்த இன்டர்வியூ நடந்த விதம் அநியாயம், அண்ணே. ஆனால் பள்ளிக்கூடத்தையே பாதியில் விட்டவர்களுக்கு வேலை ஒதுக்கீடு எப்படி உதவும்? முதலில் படிக்க வையுங்கள்.

டீச்சரம்மா:
தம்பி, 32 வருடம் பாடம் நடத்தியவள் சொல்கிறேன். எட்டாம் வகுப்பில் ஒரு பிள்ளை. பையன்கள் கழிப்பறைக்குப் போனால் அடி, பெண் பிள்ளைகள் கழிப்பறைக்குப் போனால் ஏச்சு. அதனால் காலையிலிருந்து தண்ணீரே குடிக்காது. வெயில் காலத்தில் உதடு வெடித்திருக்கும். அரையாண்டு லீவுக்குப் பிறகு வரவில்லை. தொடர்ந்து வராதவர் என்று பெயரை அடித்துவிட்டோம். தேடிப் போகவில்லை, நானும் போகவில்லை. 'இது படித்து என்ன ஆகப் போகிறது' என்று அதன் அப்பா சொன்னபோது என்னிடம் பதில் இல்லை. 'சர்க்கார் வேலையில் உன் பிள்ளைக்கு ஓர் இடம் இருக்கிறது' என்று அன்றைக்குச் சொல்ல முடிந்திருந்தால் அந்த மனுஷன் காது கொடுத்திருப்பார். படிப்பு முதலா வேலை முதலா என்று பிரிக்காதே, ஐயா.

தேர்வறை:
சரி டீச்சர். நிரம்பாத இடம் அதே பிரிவுக்கே திரும்பும் என்று அரசாணையில் எழுதட்டும், ஒரு சதவீதத்தை நான் எதிர்க்கவில்லை. ஆனால் அதைக் கொடுத்த பிறகு பெண்கள் ஒதுக்கீட்டிலும் சேர்ப்பது சரியில்லை. என் தங்கையும் குரூப் 4தான் எழுதுகிறாள்.

பொருநை:
திருநங்கைகளும் பெண்கள்தான் தம்பி, அதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஒருவர் எந்த ஒதுக்கீட்டில் வருகிறார் என்பதை விண்ணப்பத்திலேயே ஒன்றாகத் தேர்ந்தெடுக்கச் சொல்லட்டும், இரண்டு கணக்கு வராது. அதோடு பெயர் மாற்றிய கெஜட் நகலை இணைக்க ஓர் இடமும் வேண்டும். ஹால் டிக்கெட்டில் என் பெயர் வரட்டும்.