மறுமொழி: நாயின் கழுத்தில் மாட்டும் கூம்புக்குத் தமிழில் என்ன?

குழுவினருக்கு வணக்கம்.

சத்திரசிகிச்சை முடிந்த நாய் தையலை நக்காமல், கடித்து இழுக்காமல் இருக்கக் கழுத்தைச் சுற்றி மாட்டும் கவசத்துக்குச் சொல் கேட்டிருந்தீர்கள். இதுவரை நான்கு சொற்கள் வந்திருக்கின்றன. இரண்டு கிழமையாக அந்தச் சாமானை வீட்டில் செய்து, உடையக் கண்டு, திரும்பவும் செய்தவன் என்ற உரிமையில் ஐந்தாவதாக ஒன்றை வைக்கிறேன்.

எங்கள் கறுப்பிக்குக் கருத்தடை செய்த அன்று அவளுடைய அளவில் கடையில் கவசம் இல்லை. "வீட்டிலேயே ஒன்று செய்து போடுங்கோ, பத்துப் பதினாலு நாளைக்கு நக்க விடாதேங்கோ" என்று மிருக வைத்தியர் சொல்லிவிட்டார். நாய் நக்கினால் புண் ஆறும் என்று எங்கள் ஊரில் இன்னமும் சொல்வார்கள். ஆறாது. வாயில் உள்ள கிருமி புண்ணுக்குப் போகும், தையலும் பிரியும்.

முதலில் அட்டைப்பெட்டியை வெட்டிச் சுற்றினேன். தண்ணீர்ச் சட்டிக்குள் ஒருதரம் தலையை விட்டாள், அட்டை கூழாகிவிட்டது. அடுத்தது அம்மாவின் பழைய எக்ஸ்றே படம். ஊடாகப் பார்க்க முடிகிறதால் அவளுக்கு வசதிதான், ஆனால் விளிம்பு கத்தி மாதிரிக் கழுத்தை அறுக்கப் பார்த்தது. கடைசியில் கிணற்றடி பிளாஸ்ரிக் வாளியின் அடியை வெட்டி எடுத்தேன். வெட்டிய விளிம்புக்குத் தண்ணீர்க் குழாயை நீளப்பாட்டில் கீறிச் செருகினேன். துளை போட்டு, துணி நாடாவால் கழுத்துப்பட்டியோடு கட்டினேன். கழுத்துக்கும் வாளிக்கும் இடையில் இரண்டு விரல் நுழைய வேண்டும். வாய்ப்பக்க விளிம்பு மூக்கு நுனியைத் தாண்டிக் கொஞ்சம் வெளியே நிற்க வேண்டும். குட்டையாக வெட்டினால் கழுத்தை வளைத்து நக்கிவிடும். முதல் நாள் கதவு நிலை எல்லாம் இடித்துக்கொண்டு திரிந்தாள், பிறகு பழகிவிட்டது.

சரி, சொல்லுக்கு வருவோம். 'எலிசபெத்தியக் கழுத்தணி' எனக்குச் சரிவரவில்லை. 1558 முதல் 1603 வரை ஆண்ட இங்கிலாந்து அரசி காலத்துச் சீமான்கள் கழுத்தைச் சுற்றி அணிந்த மடிப்புத் துணியைப் பார்த்து ஆங்கிலத்தில் வைத்த பெயர் அது. அந்தத் துணியைக் கண்டிராத நமக்குப் பெயரில் எந்தப் படமும் எழாது. 'அணி' வேறு! கறுப்பிக்கு என்ன கலியாணமா? 'பாதுகாப்புக் கூம்பு' என்றால் றோட்டு வேலை நடக்கும் இடத்தில் நிற்பதுதான் நினைவுக்கு வரும். கூம்புக்கு உச்சியும் இருக்க வேண்டும். இது உச்சி அறுத்தது. 'கழுத்துக் கவசம்' நல்ல சொல்தான், ஆனால் காப்பாற்றுவது கழுத்தை அல்லவே.

'நக்குத்தடை' என்று எழுதிய யாழ்ப்பாணத்து நண்பரோடு எனக்குச் சண்டையில்லை. ஆனால் வயிற்றை மூடும் துணிச்சட்டையும் நக்குத்தடை, தையலுக்குப் பக்கத்தில் பூசும் கசப்பு மருந்தும் நக்குத்தடை. அது இனத்தின் பெயராக இருக்கட்டும். இந்த ஒரு சாமானுக்கு நான் சொல்வது 'கழுத்துக்கரப்பு'.

மீன் பிடிக்கும் கரப்பு எங்கள் பக்கத்துக்குப் புதிதில்லை. மட்டக்களப்பு வாவியில், குருமண்வெளியில் இருந்து மண்டூர்த் துறையைப் பார்க்கும் கரையில் வளர்ந்தவன் நான். முழங்கால் தண்ணீரில் அம்மப்பா கரப்புக் குத்துவதைப் பார்த்திருக்கிறேன். குச்சிகளை வரிந்து கட்டிய கூடு, மேலும் கீழும் திறப்பு. கீழ்வாய் அகலம், மேல்வாய் ஒடுக்கம். கலங்கல் தண்ணீரில் 'சதக்' என்று குத்தி, மேல்வாயால் கையை விட்டு மீனைத் துழாவி எடுப்பார். நாய்க்கவசமும் அதே வடிவம்தான், கைக்குப் பதிலாகத் தலை. வாளியை வெட்டி நிலத்தில் வைத்தபோது அம்மாவே "இதென்ன, கரப்பு மாதிரி?" என்று கேட்டுவிட்டா. சொல் அவவுடையது, நான் தட்டெழுதியவன் மட்டும்தான்.

கழுத்துப்பட்டி, வாய்ப்பூட்டு என்று இருக்கும் வரிசையில் கழுத்துக்கரப்பும் இடறாமல் உட்காரும். பேச்சில் 'கரப்புப் போட்டுவிடு' என்று சுருக்கவும் முடியும். பேச்சில் சுருங்காத கலைச்சொல் அகராதியிலேயே கிடந்துவிடும் என்பது என் எண்ணம். கலைச்சொல் என்றால் காரைதீவை இழுக்காமல் எங்கள் பக்கத்து ஆட்களால் இருக்க முடியாது. 1936இல் சென்னையில் நடந்த சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை வகித்த விபுலாநந்த அடிகள் பிறந்த ஊர் அல்லவா! அவர் இதை ஏற்பாரா என்று கேட்காதீர்கள். நாய்ச் சாமானுக்கு அவரைச் சாட்சிக்கு அழைக்க மாட்டேன்.

'கரப்பு என்றதும் கரப்பான் பூச்சி நினைவு வருகிறது' என்று ஒருவர் தனிமடலில் எழுதினார். வாளி கேட்டால் யாரும் வாலியைக் கூட்டிவருவதில்லை. ஆனாலும் கரப்பைக் கண்டிராத ஊர்க்காரர்களுக்கு இது எப்படிக் கேட்கும் என்று சொல்லுங்கள். தமிழ்நாட்டு நண்பர்கள் கோழியை மூடும் கூடையைக் கரப்பு என்று சொல்வதுண்டா? அகராதியில் அந்தப் பொருளும் இருக்கிறது.

ஏன் கேட்கிறேன் என்றால், நேற்றுத் தையல் வெட்டியாயிற்று. அடியில்லாத வாளி இனிக் கிணற்றடிக்கு உதவாது. அம்மா அதைக் கவிழ்த்து, காகம் கொத்தாமல் மேல்வாயில் வலைத்துண்டு கட்டி, கோழிக்குஞ்சுகளை அடைத்து வைத்திருக்கிறா. கறுப்பி பக்கத்தில் படுத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.