புறச்சூழல் ஆய்வு உண்மையிலேயே தேவையா? ஆறு கட்டப் பட்டியலை வைத்து ஒரு சண்டை

உப்புக்கல்

போன வாரம் எங்கள் நிறுவனத்தில் வருடாந்தரத் திட்டக் கூட்டம். வழக்கம்போல ‘பெஸ்டல்’ பட்டியல் திரையில் வந்தது. அரசியல், பொருளாதாரம், சமூகம், தொழில்நுட்பம், சட்டம், இயற்கைச் சூழல் என்று ஆறு கட்டம்; இவற்றின் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்ததுதான் அந்தப் பெயர். சந்தேகம் வந்து போன வருடக் கோப்பைத் திறந்து பார்த்தேன். ஆண்டு மட்டும்தான் மாறியிருந்தது. ‘பணவீக்கம் உயர வாய்ப்புண்டு’, ‘வாடிக்கையாளர் ரசனை மாறிவருகிறது’, ‘தொழில்நுட்பம் வேகமாக வளர்கிறது’. சோப்பு விற்கிறவர், கப்பல் விடுகிறவர், பல் மருத்துவர் என்று யார் தலையில் வைத்தாலும் இந்தத் தொப்பி பொருந்தும்.

என் கட்சி இதுதான்: வெளியுலகக் காரணிகளை உட்கார்ந்து ஆராய்வது வீண் வேலை. அடி விழுந்தபோதெல்லாம் அது பட்டியலில் இல்லாத பக்கத்திலிருந்துதான் விழுந்திருக்கிறது. சுவிஸ் மத்திய வங்கி 2011 செப்டம்பரிலிருந்து பிராங்க் அளவுக்கு மேல் வலுக்காமல் இருக்க ‘ஒரு யூரோவுக்கு 1.20 பிராங்க்’ என்ற வரம்பைக் கட்டிக் காத்துவந்தது. 2015 ஜனவரி 15 காலையில் முன்னறிவிப்பு இல்லாமல் அதைக் கைவிட்டது. பிராங்க் மதிப்பு நிமிடங்களில் எகிறியது. அந்த வரம்பை நம்பி விலை போட்டிருந்த ஏற்றுமதியாளர்களுக்கு எந்தக் கட்டம் உதவியது? மறுக்க விரும்புகிறவர்கள் வரலாம்.

படகோட்டி

உங்கள் பட்டியல் மோசம், ஒப்புக்கொள்கிறேன். வெப்பமானி உடைந்திருந்தால் வேறு வெப்பமானி வாங்குவோமா, காய்ச்சல் என்று ஒன்றே கிடையாது என்போமா?

ஆய்வு என்றால் ஆரூடம் என்று நினைத்துக்கொண்டு பேசுகிறீர்கள். ஷெல் எண்ணெய் நிறுவனத்தில் 1970களின் தொடக்கத்தில் பியர் வாக் என்பவரின் குழு செய்த வேலையைப் பாருங்கள். எண்ணெய் விலை இந்தத் தேதியில் ஏறும் என்று அவர்கள் சொல்லவில்லை. எண்ணெய் வைத்திருக்கும் நாடுகளின் இடத்தில் உட்கார்ந்து யோசித்தார்கள். தங்களால் செலவழிக்க முடிகிற பணத்தைவிட அதிகம் வரும்போது, அந்த நாடுகள் எண்ணெயை மேலும் மேலும் எடுத்துத் தருவானேன்? நிலத்துக்கடியிலேயே விட்டால் மதிப்பு ஏறுமே? இந்த ஒரு கேள்வியை மேலாளர்களின் மண்டையில் ஏற்றினார்கள். 1973 அக்டோபரில் எண்ணெய்த் தடை வந்தது. சில மாதங்களில் பீப்பாய் சுமார் 3 டாலரிலிருந்து 12 டாலரை நெருங்கியது. மற்ற நிறுவனங்கள் இது எப்போது சரியாகும் என்று காத்திருந்தபோது, ஷெல் மேலாளர்களுக்கு இது ஏற்கெனவே ஒத்திகை பார்த்த நாடகம்.

நாலாம்கட்டம்

நடுவில் ஒரு சின்ன சந்தேகம். நான் படித்தபோது இது நாலு எழுத்து. அப்புறம் ஆறு ஆனது. இப்போது நெறிமுறையையும் சேர்த்து ஏழு என்கிறார்கள். எழுத்து கூடினால் அறிவு கூடுமா?

படகோட்டி

ஹார்வர்டைச் சேர்ந்த பிரான்சிஸ் அகிலர் 1967-இல் எழுதியபோது பொருளாதாரம், தொழில்நுட்பம், அரசியல், சமூகம் என்று நாலுதான். எழுத்துகள் ஞாபகத்துக்காக. சண்டை போடும் அளவுக்கு அதில் ஒன்றும் இல்லை.

உப்புக்கல்

ஷெல் கதை வரும் என்று எதிர்பார்த்தேன். எந்த மேலாண்மை வகுப்பிலும் முதல் மணி நேரத்திலேயே வந்துவிடும். ஜெயித்த ஒரு குழுவை நமக்குத் தெரியும். அதேபோலக் கதை எழுதி அலமாரியில் பூட்டிவைத்த குழுக்களை யார் எண்ணினார்கள்?

சரி, தெரிந்தவர்கள் கதையையே எடுங்கள். கோடாக் நிறுவனப் பொறியாளர் ஸ்டீவ் சாசன் 1975-இலேயே டிஜிட்டல் கேமராவைச் செய்து காட்டிவிட்டார். தொழில்நுட்பக் கட்டத்தில் எழுதவேண்டியது அவர்கள் ஆய்வகத்திலேயே மேசைமேல் இருந்தது. 2012 ஜனவரியில் நிறுவனம் திவால் பாதுகாப்பு கேட்டு நீதிமன்றம் போனது. தெரியாமல் விழவில்லை, தெரிந்தே விழுந்தார்கள். அப்படியானால் தெரிந்துகொள்வதால் என்ன லாபம்?

தணிக்கைக்காரி

இத்தனை நேரம் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். கோடாக் உதாரணம் உங்கள் பக்கம் நிற்காது உப்புக்கல் சார். அதே அலைதான் ஃபியூஜிஃபிலிம்மையும் அடித்தது. 2000 வாக்கில் ஃபிலிம் விற்பனை உலக அளவில் உச்சம் தொட்டு, பிறகு மளமளவென்று சரிந்தது. அவர்கள் ஃபிலிம் செய்யக் கற்ற வேதியியலை எல்சிடி திரைகளுக்கான மெல்லிய படலத்துக்கும், சருமப் பராமரிப்புப் பொருட்களுக்கும் திருப்பினார்கள். வெளியே நடந்தது இருவருக்கும் ஒன்றுதான். அது தன் வருமானத்தில் எந்த வரியைத் தின்னும் என்று பார்த்ததில்தான் வேறுபாடு.

நான் கணக்குத் தணிக்கை செய்கிறவள். எனக்குத் தெரிந்த ஒரே வழி, பட்டியலைத் தலைகீழாகப் போடுவது. முதலில் லாப நட்டக் கணக்கைத் திறங்கள். ஒவ்வொரு வரியாக, ‘வெளியே எது அசைந்தால் இது அசையும்’ என்று கேளுங்கள். ஒரு நிறுவனத்தின் விற்றுமுதல் 100 என்று வையுங்கள். கச்சாப்பொருள் செலவு 45, அதில் 30 வெளிநாட்டு நாணயத்தில் வாங்குவது. லாபம் 8. அந்த நாணயம் 10 சதவீதம் ஏறினால் செலவு 3 கூடும், லாபம் 5 ஆகிவிடும். விலையை ஏற்ற முடியுமா, எத்தனை மாதம் கழித்து, எந்த ஒப்பந்தம் தடுக்கும்? ‘செலாவணி ஏற்ற இறக்கம்’ என்று கட்டத்தில் எழுதிவிட்டுப் போவதற்கும் இதற்கும் உள்ள தூரம் புரியும். கடனுக்கும் இதே கேள்விதான். எவ்வளவு கடன் மாறும் வட்டியில் இருக்கிறது, வட்டி ஒரு சதவீதப் புள்ளி ஏறினால் எவ்வளவு போகும்? பத்து வரி இப்படிப் பார்த்தால், உலகத்தில் நடப்பதில் முக்கால்வாசி நம்மைத் தொடாது என்று தெரிந்துவிடும். அதுவே பெரிய நிம்மதி.

பொட்டல்வெளி

மேடம் சொன்னதைப் படித்ததும் பழைய காயம் ஒன்று நினைவுக்கு வருகிறது.

நான் முன்பு வேலை பார்த்த இடத்தில் ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் பிளாஸ்டிக் கரண்டி, முள்கரண்டி செய்தோம். வாங்குகிறவர்களில் பெரும்பாலோர் ஐரோப்பிய ஒன்றியத்தில். 2019-இல் அங்கே சட்டம் வந்தது: இந்தச் சாமான்களை 2021 ஜூலை 3 முதல் சந்தைக்குக் கொண்டுவரக் கூடாது. என்னைக் கேட்டால் புறச்சூழலிலேயே ரொம்ப நாணயமான ஆள் சட்டம்தான். தேதி சொல்லிவிட்டு வருகிறது. எங்களுக்கு இரண்டு வருடம் அவகாசம் கொடுத்தது.

எங்கள் பட்டியலிலும் அது இருந்தது, ‘சட்டம்’ கட்டத்தில், சிவப்பு எழுத்தில். ஆனால் அதை யார் கவனிக்க வேண்டும் என்று எழுதவில்லை. விற்பனைப் பிரிவு, வாங்குகிறவர்களே சொல்வார்கள் என்று இருந்தது. உற்பத்திப் பிரிவு, ஆர்டர் வருகிறதே என்று இருந்தது. இதற்கு நடுவில் கொள்முதல் பிரிவு நல்ல தள்ளுபடி கிடைத்தது என்று புது முள்கரண்டி மோல்டு (வார்ப்பு அச்சு) ஒன்றுக்குப் பணம் கட்டிவிட்டது. மரக் கரண்டிக்கு மாறலாம் என்று பேச்சு எழுந்தபோது ஆர்டர்கள் போட்டியாளர்களிடம் போயிருந்தன.

உப்புக்கல்

பார்த்தீர்களா! ஆய்வு சரியாகவே இருந்தது, நிறுவனம்தான் அசையவில்லை. என் வாதத்தை எனக்காகவே எழுதிக் கொடுத்துவிட்டீர்கள். வேகமாக அசையத் தெரிந்தவனுக்குப் பட்டியல் தேவையில்லை. அசையாதவனுக்கு எத்தனை பட்டியல் கொடுத்தும் பயனில்லை.

2000 மார்ச் 17, நியூ மெக்சிகோவில் பிலிப்ஸ் நிறுவனத்தின் சிப் ஆலையில் மின்னல் காரணமாகத் தீ. பத்து நிமிடத்தில் அணைந்த சின்ன தீ. ஆனால் புகையும் தண்ணீரும் தூசே படக்கூடாத உற்பத்தி அறைகளைக் கெடுத்துவிட்டன. நோக்கியாவும் எரிக்சனும் அங்கிருந்துதான் சிப் வாங்கின. நோக்கியா ஆட்களை உடனே அனுப்பி, வேறு ஆலைகளில் கிடைத்த உற்பத்தியை எல்லாம் பிடித்துக்கொண்டது. எரிக்சன் ஒரு வாரத்தில் சரியாகும் என்ற பேச்சை நம்பி உட்கார்ந்தது, அந்தச் சிப்புக்கு வேறு சப்ளையரும் அதற்கு இல்லை. கைபேசித் தொழிலில் பலத்த அடி. அடுத்த ஆண்டே சோனியுடன் கூட்டு சேர்ந்தது. ‘மின்னல்’ என்று இருவர் பட்டியலிலும் இருந்திருக்காது. காப்பாற்றியது அனிச்சைச் செயல்.

தணிக்கைக்காரி

நோக்கியாவின் அனிச்சைச் செயல் வானத்திலிருந்து குதிக்கவில்லை. எந்தப் பாகம் எப்போது வரவேண்டும், எவ்வளவு தாமதம் என்று அன்றாடம் கண்காணித்ததால்தான் முதலில் உறைத்தது. அந்தக் கண்காணிப்புக்குப் பெயர்தான் புறச்சூழல் ஆய்வு. வருடத்துக்கு ஒருமுறை திரையில் ஓடுவது அல்ல.

இன்னொன்று. காரணங்களைப் பட்டியல் போடுகிற பழக்கத்தை விட்டுவிட வேண்டும். 2010 ஏப்ரலில் ஐஸ்லாந்து எரிமலைச் சாம்பலால் ஐரோப்பிய வான்வெளி ஆறு நாள் போல முடங்கியது. 2021 மார்ச்சில் எவர் கிவன் கப்பல் சூயஸ் கால்வாயில் ஆறு நாள் குறுக்கே நின்றது. எரிமலையையும் கப்பலையும் எவராலும் ஊகிக்க முடியாது. ஆனால் சரக்குக்குக் காத்திருந்த வணிகருக்கு இரண்டும் ஒரே முகத்தோடுதான் வந்தன: ‘சரக்கு வரவில்லை’. ஆகவே ‘இந்தப் பாகம் முப்பது நாள் வராவிட்டால்?’ என்ற ஒரு கேள்வி, நூறு காரணங்களுக்குச் சமம்.

படகோட்டி

இதற்கு டொயோட்டாவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2011 ஜப்பான் நிலநடுக்கத்துக்குப் பிறகு சப்ளையர்களிடம் சிப் கையிருப்பை இரண்டு முதல் ஆறு மாதத்துக்கு வைக்கச் சொன்னார்கள். 2021 தொடக்கத்தில் சிப் தட்டுப்பாட்டால் மற்ற கார் நிறுவனங்கள் ஆலைகளை நிறுத்தியபோது இவர்கள் ஓட்டினார்கள்.

உப்புக்கல்

அதே 2021 செப்டம்பரில் டொயோட்டாவும் உற்பத்தியைத் திட்டமிட்டதைவிட 40 சதவீதம் போலக் குறைத்தது. அதை விட்டுவிட்டீர்களே.

படகோட்டி

விடவில்லை. குடை பிடித்தவனும் பெருமழையில் நனைவான். எட்டு மாதம் தாமதமாக நனைந்தான் என்பதற்கு விலை உண்டு.

எனக்கு உங்கள் நோக்கியாவே போதும். 2000-இல் தீயைத் துரத்திப் பிடித்த அதே நிறுவனம், 2007-இல் ஐபோன் வந்த பிறகு நடந்ததைச் சமாளிக்க முடியாமல் 2013-இல் கைபேசித் தொழிலை மைக்ரோசாஃப்டுக்கு விற்க ஒப்புக்கொண்டது. அனிச்சைச் செயல் எங்கே போயிற்று? தீ என்றால் மணி அடிக்கும். மெதுவாக வரும் மாற்றத்துக்கு மணி கிடையாது. காலாண்டு அறிக்கை ஒவ்வொன்றிலும் ‘இந்த முறை கொஞ்சம் குறைவு’ என்று மட்டும் இருக்கும். இன்னும் இருபது வருடம் கழித்து வேலைக்கு வரப்போகும் இளைஞர்கள் எத்தனை பேர் என்று இன்றே எண்ணிவிடலாம், ஏனென்றால் எல்லோரும் பிறந்தாயிற்று. இதை ஆரூடம் என்பீர்களா?

நாலாம்கட்டம்

கட்டம் போடுகிறவர்கள் போட்டியாளரை எங்கே எழுதுவார்கள் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

தணிக்கைக்காரி

அந்த ஆறில் எதிலும் இல்லை. அந்த ஆறும் தூரத்து வட்டம், எல்லோரையும் பொதுவாகத் தொடுவது. போட்டியாளர், புதிதாக நுழைகிறவர், மாற்றுப் பொருள், வாங்குகிறவர், சப்ளையர் என்பது பக்கத்து வட்டம். ஹார்வர்டு பேராசிரியர் மைக்கேல் போர்ட்டர் 1979-இல் வகுத்த ஐந்து விசைகள் இவை. இரண்டையும் ஒரே தாளில் குழப்பினால்தான் ‘போட்டி அதிகரிக்கிறது’ என்பது சமூகக் கட்டத்தில் வந்து உட்காரும்.

படகோட்டி

வாய்ப்புக்கு ஒன்று முதல் ஐந்து, பாதிப்புக்கு ஒன்று முதல் ஐந்து என்று மதிப்பெண் போட்டுப் பெருக்கினால் எதை முதலில் பார்ப்பது என்று தெரிந்துவிடும். நான் அப்படித்தான் செய்கிறேன்.

தணிக்கைக்காரி

இங்கே உங்களோடு ஒத்துப்போக மாட்டேன். வாய்ப்பு 1, பாதிப்பு 5 என்றாலும் ஐந்து. வாய்ப்பு 5, பாதிப்பு 1 என்றாலும் ஐந்து. முன்னது நிறுவனத்தை மூடவைக்கும், பின்னது காகிதச் செலவு. ஊகத்தை ஊகத்தால் பெருக்கி எண் வந்ததும் அறிவியல் என்று நம்பிவிடுகிறோம். ஒரு முறை விழுந்தால் எழவே முடியாதவற்றைத் தனியாக எடுத்துவையுங்கள், மதிப்பெண்ணே வேண்டாம்.

படகோட்டி

நிர்வாகக் குழுவுக்கு எண் இல்லாமல் எதையும் காட்ட முடியாது மேடம். நீங்கள் தணிக்கைப் பக்கம் இருந்து பேசுகிறீர்கள்.

உப்புக்கல்

உங்கள் வீட்டுச் சண்டையை நிதானமாக முடியுங்கள். நான் கொஞ்சம் இறங்கி வருகிறேன். தணிக்கை மேடத்தின் லாப நட்டக் கணக்கு வழி எனக்குப் பிடித்திருக்கிறது, ஏனென்றால் அதில் ஆறு கட்டம் இல்லை. அடுத்த கூட்டத்தில் ஒவ்வொரு வரிக்கும் மூன்று விஷயம் கேட்கப்போகிறேன்: எந்தக் கணக்கு வரியைத் தொடும், எந்த அளவு தாண்டினால் நாம் அசைவோம், அசைய வேண்டியவர் யார். பதில் சொல்ல முடியாத வரியை அங்கேயே அழிக்கச் சொல்வேன். மொத்தத்தில் நாலு வரி மிஞ்சும் என்பது என் கணிப்பு. அப்படி ஆனால் என் கட்சி ஜெயித்ததாகத்தான் எடுத்துக்கொள்வேன்.

சுவிஸ் பிராங்குக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை என்பதும் ஞாபகம் இருக்கட்டும்.

தணிக்கைக்காரி

வருமானம் ஒரு நாணயத்திலும் செலவு இன்னொரு நாணயத்திலும் இருந்தவர்களுக்குத்தான் அந்தக் காலை அவ்வளவு வலித்தது. அந்தப் பொருத்தமின்மை முந்தைய வருடக் கணக்கிலேயே தெரிந்திருக்கும். வங்கி என்ன செய்யும் என்பது மட்டும்தான் தெரியாது. இதுவே என் பதில், ஏற்பதும் விடுவதும் உங்கள் விருப்பம்.

நாலாம்கட்டம்

பொட்டல்வெளி அண்ணே, அந்த முள்கரண்டி மோல்டு கடைசியில் என்ன ஆனது?

பொட்டல்வெளி

நான் வேலையை விடும்வரை கிடங்கில்தான் இருந்தது, பெட்டி பிரிக்காமல். வருடா வருடம் தேய்மானம் மட்டும் ஒழுங்காகக் கணக்கில் ஏறிக்கொண்டிருந்தது.