முதல் வாடகை வீட்டுக்கு எந்த டிவி: 600 வெள்ளியா, 1,400 வெள்ளியா?

செங்காங் புதுவரவு:

அனைவருக்கும் வணக்கம். வேலைக்காகத் திருச்சியிலிருந்து குடும்பத்தோடு சிங்கப்பூருக்கு வந்து, செங்காங்கில் நாலறை வீவக (அரசு வீடமைப்புக் கழக) வீடு ஒன்றை ஓராண்டு ஒப்பந்தத்தில் எடுத்திருக்கிறோம். கட்டில், சோபா, குளிர்பதனப் பெட்டி எல்லாவற்றையும் வீட்டுக்காரர் கொடுத்துவிட்டார். டிவி மட்டும் இல்லை. 55 அங்குலத் திரை 600 வெள்ளிக்கும் (சிங்கப்பூர் டாலர்) இருக்கிறது, 1,400 வெள்ளிக்கும் இருக்கிறது. கடையில் நின்று பார்த்தால் எனக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரிகின்றன. விற்பனையாளரோ விலை கூடியதையே திரும்பத் திரும்பக் காட்டுகிறார். அந்த 800 வெள்ளிக்கு உண்மையில் என்ன கிடைக்கிறது? பகலில் அம்மா சீரியல் பார்ப்பார், நாலு வயது மகளுக்குக் கார்ட்டூன், எனக்குக் கிரிக்கெட்டும் இரவில் ஒரு படமும். அனுபவம் உள்ள அண்ணன்மார், அக்காமார் சொல்லுங்கள்.

தெம்பனிஸ்காரர்:

தம்பி, கடையில் ஒன்றுபோலத் தெரிவது உங்கள் கண்ணின் குற்றமன்று. அங்கே ஓடுவது விற்பனைக்கென்றே எடுத்த காட்சிகள்: கிளி, பூ, பவளப்பாறை. வெளிச்சமும் வண்ணமும் நிறைந்த அந்தப் படத்தில் எந்தத் திரையும் தேறிவிடும். வேறுபாடு தெரிய இருட்டு வேண்டும். ஏதாவது ஒரு படத்தின் இரவுக் காட்சியை யூடியூபில் எடுத்து, இரண்டு டிவியிலும் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். மலிவுத் திரையில் இரவு வானம் கருப்பாக இராது, சாம்பல் நிறத்தில் வெளிறிக் கிடக்கும். மூலைகளில் வெளிச்சம் கசியும். நல்ல கடையில் இதற்கு மறுப்புச் சொல்ல மாட்டார்கள். சொன்னால் அடுத்த கடைக்கு நடந்துவிடுங்கள்.

காரணம் பின்னொளி. எல்இடி டிவி எதுவானாலும் திரைக்குப் பின்னால் விளக்குகள் எரிகின்றன. முன்னால் இருக்கும் படலம் அந்த ஒளியை விட்டும் மறைத்தும் படம் காட்டுகிறது. மலிவு டிவியில் விளக்குகள் எல்லாம் சேர்ந்தே கூடும், சேர்ந்தே குறையும். வீடு முழுவதற்கும் ஒரே ஸ்விட்ச் வைத்ததுபோல. நல்ல நடுத்தர மாடல் திரையைப் பல பகுதிகளாகப் பிரித்துக்கொண்டு, நிலவு இருக்கும் இடத்தில் ஒளியைக் கூட்டி, சுற்றியுள்ள வானத்தில் தணிக்கும். விளக்குகளை மிகச் சிறியதாக்கி இந்தப் பகுதிகளைப் பெருக்கினால் அதற்கு மினி எல்இடி என்று பெயர். ஓஎல்இடியில் பின்னொளியே கிடையாது, ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும். அது அழகுதான், ஆனால் அந்த விலை இப்போது நமக்குப் பேச்சன்று.

அடுத்தது பிரகாசம். இதை நிட் என்ற அலகில் அளக்கிறார்கள். மலிவுத் திரைகள் பெரும்பாலும் 250 முதல் 350 நிட்டுக்குள் நின்றுவிடும். எச்டிஆர் (வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் இடையே அதிக வேறுபாடு காட்டும்) படங்களை உருவாக்கும்போது பொதுவாக 1,000 நிட் அளவை மனத்தில் வைத்துத்தான் ஒளியமைக்கிறார்கள். பெட்டியில் எச்டிஆர் என்று ஒட்டியிருந்தால், அந்தச் சிக்னலை டிவி வாங்கிக்கொள்ளும் என்று மட்டுமே பொருள். அதைக் காட்டும் வலு திரைக்கு இருக்கிறதா என்பது பற்றி அந்த ஒட்டி ஒன்றும் சொல்வதில்லை.

மூன்றாவது ஹெர்ட்ஸ், அதாவது திரை நொடிக்கு எத்தனை முறை படத்தைப் புதுப்பிக்கிறது என்பது. திரைப்படம் நொடிக்கு 24 சட்டங்கள் (ஃபிரேம்) ஓடுகிறது. 60 ஹெர்ட்ஸ் திரையில் 24 மீதியில்லாமல் வகுபடாது. ஆகவே ஒரு சட்டம் மூன்று முறை, அடுத்தது இரண்டு முறை என்று காட்ட வேண்டியிருக்கிறது. கேமரா மெதுவாகப் பக்கவாட்டில் நகரும்போது ஒரு சிறு தடுமாற்றம் தெரிவது இதனால்தான். 120 ஹெர்ட்ஸ் திரைக்கு இந்தத் தொல்லை இல்லை, சரியாக ஐந்து மடங்கு. பலருக்கு இது கண்ணிலேயே படாது. பட்டவர்களால் பிறகு பார்க்காமல் இருக்க முடியாது.

800 வெள்ளிக்கு வருவது இந்த மூன்றும்தான், கூடவே கொஞ்சம் வேகமான செயலி. ஆனால் நான் உண்மையில் எச்சரிக்க விரும்புவது நடுவில் இருக்கும் பள்ளத்தை. 800 முதல் 1,000 வெள்ளி வரை ஒரு வரிசை நிற்கும். பெயரில் நடுத்தரம், உள்ளே மலிவு. கியூஎல்இடி என்ற எழுத்தைக் கண்டு மயங்காதீர்கள். குவாண்டம் புள்ளிப் படலம் வண்ணத்தைச் செறிவாக்கும், அவ்வளவுதான். பின்னொளியைப் பகுதி பகுதியாகக் கட்டுப்படுத்துகிறதா என்பது வேறு கேள்வி. 'மோஷன் ரேட் 120' என்று கொட்டை எழுத்தில் இருக்கும், திரையோ 60 ஹெர்ட்ஸ்தான். இணைப்புத் துளைக்கு எச்டிஎம்ஐ 2.1 என்று போட்டிருந்தாலும் 120 ஹெர்ட்ஸ் உறுதி என்று எடுத்துக்கொள்ள முடியாது. விவரப் பட்டியலில் இரண்டே வரிகளைத் தேடுங்கள்: 'நேட்டிவ் ரெஃப்ரெஷ் ரேட்' (திரையின் உண்மையான ஹெர்ட்ஸ்) 120ஆ, 'லோக்கல் டிம்மிங்' (பின்னொளியைப் பகுதி பகுதியாகத் தணிப்பது) உண்டா? இரண்டும் இல்லையென்றால், விலைச்சீட்டு என்ன சொன்னாலும் அது மலிவு டிவிதான். அதற்கு 950 வெள்ளி கொடுப்பதைவிட 600 வெள்ளி மாடலே நேர்மையானது.

உங்கள் நிலையில் நான் 600 வெள்ளிக்குத்தான் போவேன். ஓராண்டு ஒப்பந்தம், அடுத்த வீடு எங்கே, அந்தக் கூடம் எவ்வளவு பெரியது என்று இப்போது தெரியாது. சீரியலும் கார்ட்டூனும் தரவை இறுக்கிச் சுருக்கி அனுப்பும் படங்கள். பழைய படங்களை இணையத்தில் பார்த்தாலோ அதைவிட மோசம். நடுத்தர டிவி அவற்றைச் சற்று மெருகேற்றும், இல்லாத விவரத்தை உண்டாக்காது. ஓர் இரவுப் படத்துக்காக இரண்டு மடங்குக்கு மேல் கொடுக்க வேண்டாம்.

மலிவு டிவி முதலில் சலிப்பூட்டுவது படத்தால் அன்று, மந்தமான மென்பொருளால். அப்படி ஆனால் தனி ஸ்ட்ரீமிங் பெட்டி ஒன்றை வாங்கிச் செருகிவிடுங்கள். அதில் ஒரு நுணுக்கம். இந்தியக் கிரிக்கெட் ஒளிபரப்பு நொடிக்கு 50 சட்டக் கணக்கில் வருவது. இந்தப் பெட்டிகள் பல எதையும் 60ஆக்கியே அனுப்பும். பந்து விட்டுவிட்டுப் போவதுபோல் தெரிந்தால் டிவியைத் திட்டாமல், பெட்டியின் அமைப்பில் 'மேட்ச் ஃபிரேம் ரேட்' என்று இருப்பதை இயக்குங்கள்.

ஈசூன் அக்கா:

தம்பிக்கு வணக்கம். தெம்பனிஸ்காரர் சொன்ன தொழில்நுட்பம் எல்லாம் சரி. ஆனால் அவர் தன்னைப்போல இரவில் பார்க்கிறவரை வைத்தே கணக்குப் போடுகிறார். உங்கள் வீட்டில் அதிக நேரம் டிவி பார்க்கப்போவது அம்மா, அதுவும் பட்டப்பகலில். முதலில் கூடத்துச் சன்னல் எந்தத் திசை என்று பாருங்கள். மேற்கு வெயில் நேராக உள்ளே விழும் வீடென்றால் பிற்பகலில் 300 நிட் திரையில் முகம் தெரியாது, சன்னல் கம்பிதான் தெரியும். நல்ல திரைச்சீலை போட்டால் பாதிப் பிரச்சினை தீரும். நாள் முழுவதும் சீலையை இழுத்துவிட்டு இருட்டில் உட்கார எல்லா அம்மாக்களும் சம்மதிப்பதில்லை, அதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, யார் எங்கே உட்காருவார்கள் என்பது. நம் வீடுகளில் எல்லோரும் டிவிக்கு நேரே உட்காருவதில்லை. ஒருவர் சாப்பாட்டு மேசையில், ஒருவர் தரையில், அம்மா ஓரத்து நாற்காலியில். விஏ வகைத் திரை நேரே பார்த்தால் ஆழமான கருப்பு காட்டும், பக்கத்திலிருந்து பார்த்தால் வெளுக்கும். ஐபிஎஸ் வகை பக்கவாட்டிலும் நிறம் மாறாது, ஆனால் அதன் கருப்பு அவ்வளவு கருப்பன்று. கடையில் ஓரமாகப் போய் நின்று பாருங்கள், பெயர் தெரியாவிட்டாலும் வேறுபாடு தெரிந்துவிடும்.

விலைக்கு என் யோசனை மூன்றாவது வழி: பழைய நடுத்தர டிவி. ஒப்பந்தம் முடிந்து நாடு திரும்புகிறவர்கள் கிளம்பும் வாரத்தில் கேரௌசல் என்ற பழைய பொருள் விற்பனைச் செயலியில் போடுவார்கள். டிவியை விமானத்தில் கொண்டுபோக முடியாத அவசரம் விலையில் தெரியும். நேரில் போய், முழு வெள்ளைப் படமும் முழுக் கருப்புப் படமும் போட்டுக் கறையோ கோடோ இருக்கிறதா என்று பாருங்கள். ரசீதை வாங்குங்கள், உத்தரவாதம் மீதமிருந்தால் உதவும். திரை போனால் மாற்றும் செலவு பெரும்பாலும் புது டிவியின் விலையை நெருங்கிவிடும், அதனால் ரசீதில்லாததைப் பாதி விலைக்குக் கொடுத்தாலும் நான் தொட மாட்டேன். வேன் கூலியையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். படுக்கவைத்து ஏற்ற விடாதீர்கள், நிறுத்தித்தான் கொண்டுவர வேண்டும்.

செங்காங் புதுவரவு:

அக்கா, கூடம் மேற்கு பார்த்ததுதான்! சரியாகப் பிடித்துவிட்டீர்கள். சோபாவிலிருந்து டிவிச் சுவர் இரண்டேகால் மீட்டர் வரும். 65 அங்குலம் எடுக்கலாமா? சுவரில் மாட்டலாமா? இங்குள்ள தமிழ் ஒளிவழியான வசந்தம் பார்க்கத் தனியாகப் பணம் கட்ட வேண்டுமா? ஊர் திரும்பும்போது எடுத்துச் செல்லலாம் என்று அலுவலக நண்பர் சொல்கிறார், அது நடக்குமா?

தெம்பனிஸ்காரர்:

மேற்கு வெயில் என்றால் அக்கா பக்கம் சாய்கிறேன். அவர் சொன்ன பழைய நடுத்தர டிவி நல்ல நிலையில் கிடைத்தால் அதுவே மேல். கிடைக்காவிட்டால் மலிவு டிவியும் கனமான திரைச்சீலையும். பள்ளத்து மாடல் மட்டும் வேண்டாம் என்பதில் மாற்றமில்லை.

இரண்டேகால் மீட்டருக்கு 55 பொருத்தம். மூலைவிட்ட அளவைப்போல ஏறக்குறைய 1.6 மடங்கு தூரம் என்பது வழக்கமான கணக்கு. 55 அங்குலம் 140 சென்டிமீட்டர், பெருக்கிப் பாருங்கள். படப் பிரியர்கள் இன்னும் நெருங்கி உட்காருவார்கள், 65ம் தவறில்லை. ஆனால் மலிவில் அளவைக் கூட்டினால் குறைகளும் கூடவே பெரிதாகும். மேசையை அளந்துகொள்ளுங்கள்: 55 அங்குல டிவியின் அகலம் ஏறக்குறைய 123 சென்டிமீட்டர். மலிவு மாடல்கள் பலவற்றில் கால்கள் இரு முனையிலும் இருக்கும், வீட்டுக்காரரின் குட்டை மேசையில் நிற்காது.

சுவரில் மாட்டுவதை வீட்டுக்காரரின் எழுத்துப்பூர்வ அனுமதியில்லாமல் நினைக்காதீர்கள். துளைகளுக்கு முன்பணத்தில் கை வைப்பார்கள். செங்காங் வீடுகள் பலவற்றில் பாம் ஷெல்டர் (குண்டுவீச்சின்போது தஞ்சமடையும் அறை) இருக்கும். உங்கள் டிவிச் சுவர் அதன் சுவராக இருந்தால் துளையிடுவதற்குத் தனி விதிகள் உண்டு. மேசையில் வைத்தால் மகளை நினைத்து, டிவியைப் பின்பக்கமாக மேசையோடு வாரால் கட்டிவிடுங்கள். மெல்லிய கால், கனமான திரை, நாலு வயது; விளையாட்டாக இழுத்தால் போதும்.

வசந்தத்துக்குப் பணம் இல்லை. டிவி உரிமக் கட்டணத்தை 2011இலேயே எடுத்துவிட்டார்கள். 2019 தொடக்கத்தில் அனலாக் ஒளிபரப்பும் நின்றது. இப்போது டிவிபி-டி2 என்ற டிஜிட்டல் முறை. டிவியில் அதை வாங்கும் ட்யூனர் இருந்தால் சிறிய உள்ளரங்க ஆன்டெனாவே போதும். இணையத்தில் மிக மலிவாக வரும் சிலவற்றில் ட்யூனர் இருக்காது, விவரத்தைப் படித்து வாங்குங்கள். இல்லாவிட்டாலும் மீவாட்ச் செயலியில் வசந்தத்தைப் பார்க்கலாம். சன், விஜய் போன்றவற்றை அம்மா கேட்டால் கட்டணத் தொலைக்காட்சித் தொகுப்போ செயலிச் சந்தாவோ வேண்டும். டிவியை முடிவு செய்யும் முன் அம்மாவுக்கு வேண்டிய செயலி அந்த டிவியின் இயங்குதளத்தில் இருக்கிறதா என்று கடையிலேயே தேடிப் பாருங்கள். எல்லாத் தளத்திலும் எல்லாச் செயலியும் இருப்பதில்லை.

ஊருக்கு எடுத்துச் செல்வது பழைய காலத்துக் கதை. ஒரு காலத்தில் சாங்கி விமான நிலையத்தில் டிவிப் பெட்டியோடு வரிசையில் நின்றவர்கள் உண்டு. 2013 ஆகஸ்டில் இந்திய அரசு தட்டைத் திரை டிவியைத் தீர்வையில்லாப் பயணச் சலுகையிலிருந்து நீக்கியது, அந்தக் கணக்கு அத்தோடு போயிற்று. நிரந்தரமாகத் திரும்புகிறவர்களுக்குத் தனி விதி இருக்கிறது. அதை அப்போது பார்த்துக்கொள்ளலாம்.

மின்கட்டணத்தைப் பற்றி ஒன்றும் கவலைப்படாதீர்கள். 100 வாட் டிவி நாளுக்கு ஐந்து மணி நேரம் ஓடினால் மாதம் 15 யூனிட். யூனிட் 30 காசு என்று வைத்தாலும் நாலரை வெள்ளி. உங்கள் குளிர்சாதனம் அதைச் சில இரவுகளில் தின்றுவிடும்.

கடையில் புதிதாக வாங்கினால் உள்ளூர் உத்தரவாதம் உண்டா, வேறு நாட்டுக்கென்று செய்த ஏற்றுமதிச் செட்டா என்று ரசீது போடும் முன் கேளுங்கள். 9 விழுக்காடு பொருள் சேவை வரி விலையில் சேர்ந்திருக்கிறதா என்பதையும்தான். 2012 முதல் இங்கே இருக்கும் குறைபாட்டுச் சட்டத்தின்படி ஆறு மாதத்துக்குள் கோளாறு வந்தால், அது விற்கும்போதே இருந்ததாகத்தான் கொள்ளப்படும்; இல்லை என்று நிரூபிப்பது கடைக்காரர் பாடு. ஆகவே டிவி வந்த அன்றே இருட்டில் ஒருமுறை முழுத் திரையையும் சோதித்துவிடுங்கள். அட்டைப் பெட்டியை மடித்துக் கட்டிலுக்கு அடியில் வையுங்கள். ஓராண்டில் வீடு மாற வேண்டியிருந்தால் அது இல்லாமல் ஏற்றுவது பெரும்பாடு.