மாடியில் இருந்தே வாசல் கதவைத் திறக்க எந்தப் பூட்டு?

குளச்சல்காரன்:
வீட்டில் இருந்து கடல் முந்நூறு மீட்டர். அம்மாவுக்கு முட்டுவலி, பெல் அடிக்கும்போதெல்லாம் மாடிப்படி இறங்க முடியவில்லை. மேலே ஒரு சுவிட்ச் வைத்துக் கதவைத் திறக்கலாம் என்று பார்க்கிறேன். அப்பா காலத்து அயினி மரம், இரட்டைக் கதவு. கடைக்காரர் மேக்னட் லாக் போடச் சொல்கிறார், 280 கிலோ தாங்குமாம். போடலாமா?

முட்டம் அண்ணன்:
தம்பி, அந்த 280 கிலோ கரண்ட் இருக்கும்வரைதான். போய்விட்டால் கதவு சும்மா சாத்தியிருக்கும், அவ்வளவுதான். 2017 நவம்பரில் ஒக்கி புயல் அடித்தபோது நாம் எத்தனை நாள் இருட்டில் கிடந்தோம்? 7 ஆம்பியர்-அவர் பேட்டரி வைத்தாலும், அரை ஆம்பியர் இழுக்கிற லாக்குக்குக் கணக்குப்படியே 14 மணி நேரம்.

நான் போட்டுப் பட்டவன். இரண்டாம் வருடமே உப்புக்காற்றில் கதவில் இருக்கிற இரும்புத் தகடு பொருக்குத் தட்டி, சட்டத்தில் இருக்கிற காந்தத்தோடு ஒட்டாமல் நூல் இடைவெளி விழுந்தது. ஒரே தள்ளு, திறந்துவிட்டது. தள்ளியது என் மகள், பத்து வயது.

இப்போது இருப்பது எலக்ட்ரிக் ரிம் லாக், கதவின் உள்பக்கம் மேலாக வைத்துத் திருகுகிற பூட்டு. சுவிட்சை அமுக்கும் நொடி மட்டும் கரண்ட் எடுக்கும், 'டக்' என்று நாக்கு உள்ளே போகும். கரண்ட் இல்லையா, வெளியே தாக்கோல் (சாவி), உள்ளே பொத்தான். காலிங்பெல் சுவிட்சே போடு. சாதா சுவிட்சைப் போட்டு அணைக்க மறந்தால் பூட்டுக்குள் இருக்கிற கம்பிச்சுருள் கருகும். இன்னொன்று, அமுக்கியபிறகு யாரும் தள்ளாவிட்டால் நாக்கு உள்ளேயே நிற்கும். கதவைத் திறந்து சாத்தினால்தான் மறுபடி பூட்டும். இதை அம்மாவிடம் சொல்லிவை.

ஆசாரி வீட்டுப் பையன்:
பூட்டு ஏறாத பாதிக்கு மேலும் கீழும் கொண்டி கட்டாயம், இல்லையென்றால் இரண்டும் சேர்ந்து ஆடும். பங்குனி வெயிலில் அளக்காதீர்கள். ஆனி மழையில் மரம் ஊதி நாக்கு பிடித்துக்கொள்ளும். அப்புறம் ஐப்பசியிலும் அதே கதை. ஸ்க்ரூ 316 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கேளுங்கள். கடலோரத்தில் 304 ரகத்திலும் பழுப்புப் புள்ளி விழுகிறது.

குளச்சல்காரன்:
சரி அண்ணே, ரிம் லாக்தான். ஆனால் வந்தது யார் என்று பார்க்காமல் அம்மா அமுக்கிவிட்டால்?

முட்டம் அண்ணன்:
வீடியோ டோர் போனோடு சேர்த்துப் போடு. லாக் திறக்க அதிலேயே பட்டன் இருக்கிறதா என்று கேட்டு வாங்கு.

குளச்சல்காரன்:
அம்மாவிடம் சொன்னேன். "மீன் வந்தால் எப்படியும் சட்டியோட இறங்கத்தானே வேணும்" என்கிறார்.