பாப்பா கல்யாணச் சங்கிலியும் தேக்காவுக்குப் போகும் வழியும்

*குழு: ஆலமரத்து வீடு*

பெரியக்கா (திருச்சி), காலை 6:40
சித்தி, வணக்கம். நானும் அத்தானும் அடுத்த மாதம் நான்கு நாள் சிங்கப்பூர் வருவதற்குச் சீட்டு எடுத்துவிட்டோம். பாப்பா கல்யாணத்துக்கு ஐந்து பவுனில் ஒரு சங்கிலியை அங்கேயே வாங்கிவிடலாம் என்று நினைக்கிறோம். கிராம் விலை அங்கே குறைவு என்று இங்கே எல்லோரும் சொல்கிறார்கள். எந்தப் பக்கம் போய்ப் பார்ப்பது, டாக்சிக்குப் பணத்தைக் கொட்டாமல் எப்படிச் சுற்றுவது என்று எழுதுங்கள்.

சித்தி (சிங்கப்பூர்), காலை 8:15
வாருங்கள் கண்ணு, வீடு இருக்கிறது, தங்கும் செலவைப் பற்றி நினைக்கவே வேண்டாம். தங்கத்தைப் பற்றி மட்டும் நீங்கள் கிளம்புவதற்கு முன்பே பேசிவிடுவது நல்லது. இங்கே வந்து கடையில் உட்கார்ந்த பிறகு யோசிக்க நேரம் கிடைக்காது.

கிராம் விலை குறைவு என்பது பொய்யில்லை. இந்தியாவில் இறக்குமதித் தீர்வை விலைக்குள்ளேயே கலந்திருக்கிறது, இங்கே அது கிடையாது. ஆனால் அந்தத் தீர்வையை 2024 ஜூலையில் 15 சதவீதத்திலிருந்து 6 சதவீதமாகக் குறைத்துவிட்டார்கள், அதனால் முன்பிருந்த பெரிய இடைவெளி சுருங்கிவிட்டது. இங்கே நகைக்கு 9 சதவீதம் பொருள், சேவை வரி; அங்கே 3 சதவீதம். 6-ஐயும் 3-ஐயும் கூட்டிப் பாருங்கள். வரியைத் திரும்பப் பெற முடியாதவருக்கு இங்கே வாங்குவதில் பெரிய லாபம் எதுவும் இல்லை.

மதுரை மாமா, காலை 8:52
சுற்றுலாப் பயணிகளுக்கு அந்த 9 சதவீதம் திரும்பக் கிடைக்கும் அல்லவா? பெரியவளுக்கு அது கிடைத்தால் லாபம்தானே. பெண்களுக்கு 40 கிராம் வரை சுங்கமும் இல்லை என்று கேள்விப்பட்டேன். ஐந்து பவுன் சரியாக 40 கிராம்.

சித்தி (சிங்கப்பூர்), காலை 9:30
அண்ணா, நம் ஊர்க்காரர்கள் அதிகம் ஏமாறுவது இந்த இடத்தில்தான், ஆகையால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

வரியைத் திரும்பப் பெறும் உரிமை சுற்றுலாப் பயணிக்கு உண்டு. 100 வெள்ளிக்கு, அதாவது 100 சிங்கப்பூர் டாலருக்குக் குறையாமல் வாங்கியிருக்க வேண்டும், கடையிலேயே கடவுச்சீட்டைக் காட்டிப் பதிந்துகொள்ள வேண்டும், இரண்டு மாதத்துக்குள் நகையோடு நாட்டை விட்டுக் கிளம்ப வேண்டும். ஆயிரம் வெள்ளி நகைக்கு 90 வெள்ளி வரி என்றால், அதைத் திருப்பித் தரும் முகவரின் கட்டணம் போகத்தான் கைக்கு வரும். விமான நிலையத்தில் நகையைக் காட்டச் சொல்லக்கூடும், எனவே அது கைப்பையில் இருக்க வேண்டும். பெட்டியில் போட்டு ஏற்றி அனுப்பிவிட்டால் காட்ட வழியில்லை.

இந்தியச் சுங்கத்தின் 40 கிராம் சலுகை வேறு கணக்கு. அது ஓராண்டுக்கு மேல் வெளிநாட்டில் வசித்துவிட்டுத் திரும்பும் பெண்ணுக்கு உரியது. ஆணுக்கு 20 கிராம். நான்கு நாள் வந்து போகிறவருக்கு அந்த எடைச் சலுகை இல்லை. ஆக, பெரியவளுக்கு இங்கே வரி திரும்பக் கிடைக்கும், ஆனால் திருச்சியில் இறங்கியதும் ஐந்து பவுனையும் அறிவித்துத் தீர்வை கட்ட வேண்டிவரும். ஜூரோங்கில் இருக்கும் நம் தம்பிக்கோ எடைச் சலுகை உண்டு, இங்கே வேலை பார்ப்பதால் வரி திரும்பக் கிடைக்காது. இரண்டு சலுகையும் ஒரே ஆளிடம் சேர்வதில்லை.

மதுரை மாமா, காலை 9:47
அப்படியானால் நகையாக வாங்காமல் கட்டியாக வாங்கினால் என்ன? கட்டித் தங்கத்துக்கு அங்கே வரியே இல்லை என்கிறார்களே.

சித்தி (சிங்கப்பூர்), காலை 10:05
இல்லைதான். முதலீட்டுத் தரமான, 99.5 சதவீதமும் அதற்கு மேலும் சுத்தமான கட்டிக்கு 2012 அக்டோபரிலிருந்தே வரி கிடையாது. ஆனால் இந்தியச் சுங்கத்தின் சலுகை நகைக்கு மட்டுமே, கட்டியும் காசும் அதில் சேராது. இங்கேயே வைத்துச் சேமிக்கிறவர்களுக்குக் கட்டி நல்லது. கல்யாணத்துக்குக் கொண்டுபோக அல்ல.

ஜூரோங் தம்பி, பகல் 12:20
அக்கா, எனக்கு இங்கே இரண்டு வருடம் முடிந்துவிட்டது, கல்யாணத்துக்கு வரும்போது 20 கிராமுக்குள் ஒரு சங்கிலியை நானே கொண்டுவருகிறேன். வரி கட்டித்தான் வாங்க வேண்டும், பரவாயில்லை. தாய்மாமன் சீராக நான் எப்படியும் ஏதாவது செய்தாக வேண்டும். நீங்களும் அத்தானும் வந்து தேர்ந்தெடுத்துக் கொடுங்கள். கடையில் எதையெல்லாம் கவனிக்க வேண்டும் என்று சித்தி சொன்னால் நல்லது, எனக்கு நகை வாங்கிப் பழக்கம் இல்லை.

சித்தி (சிங்கப்பூர்), பிற்பகல் 1:40
நல்ல முடிவு, தம்பி. 16 கிராம், அதாவது இரண்டு பவுனில் பார்ப்போம். எடை வரம்பை ஒட்டிப் போகாமல் இருப்பது நிம்மதி.

கடைக்குள் நுழைந்ததும் பலகையில் 916-க்கு ஒரு விலை, 999-க்கு ஒரு விலை எழுதியிருக்கும். 916 என்பது நம் 22 கேரட், 999 என்பது சுத்தத் தங்கம். அந்த விலை எல்லாக் கடையிலும் ஏறக்குறைய ஒன்றுதான், வித்தியாசமெல்லாம் செய்கூலியில் வருகிறது. ஒரே எடையுள்ள இரண்டு சங்கிலிகளில், வேலைப்பாடு அதிகமுள்ளதற்குக் கூலி இரண்டு மடங்கு கேட்டாலும் வியப்பதற்கில்லை. ஆகவே "மொத்தம் எவ்வளவு" என்று கேட்காமல், எடை, கிராம் விலை, செய்கூலி, வரி என்று தனித்தனியாக எழுதித் தரச் சொல்லுங்கள். செய்கூலியில் பேரம் பேசலாம், அதில் கூச்சப்பட ஒன்றும் இல்லை.

தராசையும் பார்க்க வேண்டும். சங்கிலியைத் தட்டில் வைத்தவுடன் எண்கள் கொஞ்சம் ஆடும், குளிர்சாதனக் காற்று பட்டால்கூட ஆடும். எண் நிற்கும் வரை காத்திருந்து, நின்ற எண்ணைத்தான் ரசீதில் எழுதியிருக்கிறார்களா என்று பாருங்கள்.

நான் இதையெல்லாம் அனுபவித்துத்தான் கற்றுக்கொண்டேன். இங்கே வந்த புதிதில் சிவப்புக் கல் வைத்த அட்டிகை ஒன்று வாங்கினேன், கல்லையும் சேர்த்துத் தங்க விலை போட்டதை நான் கவனிக்கவில்லை. சில ஆண்டுகள் கழித்துக் கொடுக்கப் போனபோது, கற்களைக் கழற்றி ஒரு வெள்ளைக் கிண்ணத்தில் போட்டுவிட்டு மீதியை மட்டும் நிறுத்தார்கள். கிண்ணத்தில் கிடந்த அந்தக் கற்களுக்கு நான் தங்கத்தின் விலை கொடுத்திருந்தேன் என்பது அன்றைக்குத்தான் உறைத்தது. பாப்பாவுக்குக் கல் இல்லாத சங்கிலியாகவே எடுப்போம்.

இன்னொன்று: இந்தியாவில் நகைக்குப் போடும், எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க ஹால்மார்க் குறியீடு இங்கே வாங்கும் நகையில் இருக்காது. அங்கே மாற்றும்போது உரசிப் பார்ப்பார்கள், எனவே ரசீதை நகையோடு சேர்த்துப் பத்திரமாக வையுங்கள்.

பெரியக்கா (திருச்சி), பிற்பகல் 2:25
இவ்வளவு விவரமும் இங்கே யாரும் சொல்லவில்லை, சித்தி. அப்படியே செய்வோம். எங்களை அழைத்துப் போக யாரும் விமான நிலையத்துக்கு வந்து நேரத்தை வீணாக்க வேண்டாம், வழி மட்டும் சொல்லுங்கள்.

சித்தி (சிங்கப்பூர்), மாலை 4:10
சாங்கி விமான நிலையத்தில் ரயில் ஏறினால் அடுத்த நிலையம் எக்ஸ்போ. அங்கே இறங்கி நீல நிற டவுன்டவுன் தடத்துக்கு மாறிவிட்டால், லிட்டில் இந்தியா வரைக்கும் உட்கார்ந்தே வரலாம், வேறு மாற்றம் இல்லை. நிலையத்தை விட்டு ஏறினால் பக்கத்திலேயே தேக்கா சந்தை. அங்கிருந்து சிராங்கூன் சாலையில் வீரமாகாளியம்மன் கோயிலைத் தாண்டி நடந்தால் வழியெல்லாம் நகைக்கடைதான், ஃபேரர் பார்க் வரைக்கும் பார்த்துக்கொண்டே போகலாம். ஞாயிற்றுக்கிழமை மாலை மட்டும் வேண்டாம். தொழிலாளர்கள் விடுமுறையில் கூடும் நேரம் அது, கடையில் நின்று பேசக்கூட இடமிருக்காது. வார நாள் காலையில் போனால் பொறுமையாகக் காட்டுவார்கள்.

கட்டணம் தூரத்தைப் பொறுத்தது. ரயிலிலும் பேருந்திலும் தட்டிக் கட்டணம் செலுத்தும் ஈசி-லிங்க் அட்டையை ஆளுக்கொன்று வைத்துக்கொள்ளுங்கள், ஒரே அட்டையை இருவர் தட்ட முடியாது. ரயிலிலிருந்து இறங்கி 45 நிமிடத்துக்குள் பேருந்து ஏறினால் அது ஒரே பயணமாகக் கணக்காகும், மறுபடி முதலிலிருந்து கட்டணம் பிடிக்காது. பேருந்தில் இறங்கும்போதும் மறக்காமல் அட்டையைத் தட்ட வேண்டும். உங்கள் சித்தப்பா ஒரு முறை மழைக்குப் பயந்து தட்டாமலே இறங்கி ஓடினார், இரண்டு நிறுத்தத்துக்குக் கடைசி நிறுத்தம் வரைக்கும் உள்ள கட்டணம் போனது.

ஜூரோங் தம்பி, மாலை 6:30
அக்கா, நீங்கள் வந்த மறுநாள் நான் விடுப்பு எடுத்துக்கொள்கிறேன். காலை 11 மணிக்குத் தேக்கா சந்தையில் இட்லி சாப்பிட்டுவிட்டு மூவருமாகக் கடைக்குப் போவோம். பாப்பாவின் பழைய சங்கிலி ஒன்றின் நீளத்தை நூலால் அளந்து, அந்த நூலை எடுத்து வாருங்கள்.

பெரியக்கா (திருச்சி), மாலை 6:41
அளந்துவிட்டேன். நூலைக் கடவுச்சீட்டுக்குள் மடித்து வைத்திருக்கிறேன்.